நாப்பத்தேழு வயசுல மசக்கையா?

வயித்தைப் புரட்டறதுக்குத் தமிழ்ல எத்தனை வார்த்தை இருக்கு பாருங்க. குமட்டல், உமட்டல், ஓக்காளம், ஓங்கரிப்பு. புதுசா கல்யாணமான பொண்ணுக்கு வந்தா அதுக்குன்னு தனியா ஒரு பேரே உண்டு, மசக்கை. அந்தப் பேரைச் சொன்னாப் போதும், மாங்காய் வாங்க நாலு பேர் ஓடுவாங்க. அதே குமட்டல் நாப்பத்தேழு வயசுல, மாதவிலக்கு நிக்கப்போற காலத்துல வந்தா? பேரும் இல்லை, மாங்காயும் இல்லை. "பித்தம்"னு ஒத்தை வார்த்தையில முடிச்சு, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில குடுத்துடுவாங்க.

இந்தப் பதிவு எங்க அம்மாவோட குமட்டல் பத்தி. ஒரு பையன் இதையெல்லாம் எழுதலாமான்னு சில பேர் நினைக்கலாம். அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "என் பேரையும் கம்பெனி பேரையும் போடாத, மத்தபடி எழுது. நாலு பொம்பளைங்களுக்குத் தெரியட்டும்"னு சொல்லிட்டாங்க. பர்மிஷன் வாங்கியாச்சு, ஆரம்பிக்கலாம் :-)

எங்க ஊர் கும்மிடிப்பூண்டி. சென்ட்ரல்ல இருந்து வர்ற புறநகர் ரயில் பலதுக்கு இங்கதான் கடைசி ஸ்டேஷன். திருவள்ளூர் மாவட்டத்துல இருந்தாலும், ஆந்திரா பார்டர் கூப்பிடு தூரம். ஊரைச் சுத்தி சிப்காட். இரும்பு உருக்கற ஆலை, பெயிண்ட், கெமிக்கல், வண்டி உதிரிபாகம்னு எல்லாம் உண்டு. அதுல ஒண்ணுல அம்மா பதினாலு வருஷமா பேக்கிங் செக்‌ஷன்ல வேலை. நான் தரமணிப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில கோடு அடிக்கிறேன். வாரத்துல மூணு நாள் ரயில், ரெண்டு நாள் வீட்ல இருந்தே வேலை. அந்த ரெண்டு நாளாலதான் இதெல்லாம் என் கண்ணுல பட்டுச்சு.

அம்மாவுக்கு முதல் ஷிப்ட் காலைல ஆறு மணிக்கு. நாலு மணிக்கு எழுந்து, ஒரு டம்ளர் காபி குடிச்சு, சமைச்சு வெச்சுட்டு, அஞ்சே முக்காலுக்கு கம்பெனி வேன் ஏறணும். வேன்ல டீசல் வாடை, ஜன்னல் வழியா ஆலைப் புகை. போன வருஷம் ஒரு நாள் வேனை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்திருக்காங்க. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவைன்னு ஏறிச்சு. முழுசா வாந்தி வந்தாலாவது பரவாயில்லை. வராம, நெஞ்சுக்குழியில ஏதோ உக்காந்துகிட்டு எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும்னு சொல்லுவாங்க.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா "கண்ணு பட்டுருச்சு". அப்பா "பித்தம்". பெரியம்மா "அல்சர்". வேன்ல கூட வர்றவங்க "எல்லாம் இந்தப் புகை". இந்தக் கடைசிக் காரணத்தை எங்க ஊர்ல யாரும் லேசுல தள்ளிட மாட்டாங்க. 2023 டிசம்பர் ஆரம்பத்துல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் வந்து படிஞ்சது. அதே மாசம் 26ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சுச்சு. ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து, மூச்சுத்திணறலும் கண் எரிச்சலும் குமட்டலுமா வீட்டைப் பூட்டாமக்கூட ஓடினாங்க. 40 பேருக்கு மேல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அதுக்கப்புறம் கும்மிடிப்பூண்டில இருந்து திருவொற்றியூர் வரைக்கும் யாருக்கு வயித்தைப் புரட்டினாலும் முதல்ல காத்தைத்தான் மோந்து பாப்போம்.

இதுக்கு நடுவுல பேக்கிங் செக்‌ஷன்ல ஒரு சூப்பர்வைசர், எல்லார் முன்னாடியும் "என்னக்கா, வீட்ல விசேஷமா?"ன்னு கேட்டுட்டார். சுத்தி இருந்தவங்க சிரிச்சிருக்காங்க. அம்மா அன்னிக்கு வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசலை. மறுநாள் "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்"னாங்க. பதினாலு வருஷ வேலை. என் இன்ஜினியரிங் ஃபீஸ் பாதி அந்தச் சம்பளத்துலதான் போச்சு. சொந்தமா ஒரு சம்பளம், பி.எஃப்., வேன்ல நாலு சிநேகிதிங்கன்னு அம்மாவுக்கு வீட்டுக்கு வெளியில இருக்கற ஒரே உலகம் அதுதான். ஒரு குமட்டல் அதைப் பிடுங்கப் பாக்குதுன்னா சும்மா விட முடியுமா?

நம்ம தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. எப்ப வருது, எப்ப போகுதுன்னு தெரியாத பக் ஒண்ணு இருந்தா, முதல்ல லாக் எடுக்கணும். லாக் இல்லாம யோசிக்கிறது ஜோசியம். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக் குடுத்தேன். தேதி, நேரம், என்ன சாப்பிட்டீங்க, எங்க இருந்தீங்க, வேற என்ன பண்ணுச்சுன்னு அஞ்சு கட்டம். "எனக்கு வேற வேலை இல்லையா"ன்னு திட்டிக்கிட்டே எழுதினாங்க. மூணாவது நாள்ல இருந்து ஆறாவதா ஒரு கட்டம் அவங்களே போட்டுக்கிட்டாங்க. அதுல வெறும் புள்ளி மட்டும் இருக்கும். என்னன்னு நான் கேட்கலை. சித்திதான் அப்புறம் சொன்னாங்க, அது தூரமான நாள்னு.

ரெண்டு மாச நோட்டை உக்காந்து பார்த்தேன். ஞாயித்துக்கிழமையும் குமட்டல் இருந்துச்சு. நடுவுல அஞ்சு நாள் அரக்கோணத்துல சித்தி வீட்ல இருந்தாங்க, அங்கயும் இருந்துச்சு. அதனால சிப்காட் புகை மட்டுமே காரணம் இல்லைன்னு ஆச்சு. (புகைக்கு நல்ல சர்டிபிகேட் குடுக்கலை, அது தூண்டி விடுது, அவ்வளவுதான்.) விடிகாலை வெறும் வயித்துல அதிகம். ராத்திரி திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்து எழுந்த நாளுக்கு மறுநாள் இன்னும் அதிகம். ஒத்தைத் தலைவலி வந்தா கூடவே வந்துச்சு. புள்ளிகள்தான் இன்னும் விசேஷம். ஒரு தடவை 22 நாள்ல, அடுத்த தடவை 50 நாள் கழிச்சு. புள்ளி வர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் குமட்டல் உச்சத்துல இருந்துச்சு.

நோட்டை எடுத்துக்கிட்டு பொன்னேரியில ஒரு மகப்பேறு டாக்டரம்மாகிட்ட போனோம். சித்தியும் கூட வந்தாங்க. நான் வெளியில பெஞ்சுல. உள்ள போன கொஞ்ச நேரத்துல அம்மா சிவந்துபோய் வெளியில வந்தாங்க. டாக்டர் எழுதின முதல் டெஸ்ட்டே கர்ப்பப் பரிசோதனை! சூப்பர்வைசர் சொன்னதையே டாக்டரும் சொல்றாங்களேன்னு அம்மாவுக்கு அழுகை. அப்புறம்தான் டாக்டர் என்னையும் உள்ள கூப்பிட்டு, எல்லாருக்கும் சேர்த்து விளக்கினாங்க. தொடர்ந்து 12 மாசம் மாதவிலக்கு வராம இருந்தாத்தான் அது நின்னுபோச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி சில வருஷம் நடக்கற இழுபறிக்குப் பேர் பெரிமெனோபாஸ். அந்த இழுபறியில அபூர்வமா கரு தங்கலாம். அதனால கேலி வேற, டெஸ்ட் வேற.

அந்தப் பரிசோதனையில ஒண்ணும் இல்லை. கூடவே தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், ஈ.சி.ஜி., வயித்து ஸ்கேன் எல்லாம் பார்த்தாங்க. இது முக்கியம் மக்களே. இந்த வயசுக் குமட்டலை எடுத்த எடுப்பில ஹார்மோன் கணக்குல எழுதிடக் கூடாது. பித்தப்பைக் கல், தைராய்டு, சர்க்கரைக்குப் போடற மெட்ஃபார்மின் மாத்திரை, இதுங்க எல்லாமே குமட்டும். பொம்பளைங்களுக்கு மாரடைப்புகூட பெரிய நெஞ்சுவலி இல்லாம, குமட்டலும் வேர்வையும் அசதியுமா வரலாம். அம்மாவுக்கு எல்லாம் சரியா இருந்துச்சு, ரெண்டு விஷயத்தைத் தவிர.

ஒண்ணு, ஹீமோகுளோபின் 8.4. புள்ளி போட்ட நாள்கள்ல போக்கு அதிகமா இருந்ததை அம்மா யார்கிட்டயும் சொல்லலை. அதுக்காக கர்ப்பப்பை உள்சுவரையும் ஸ்கேன்ல அளந்து பார்த்தாங்க. நல்லவேளை, பயப்படற மாதிரி எதுவும் இல்லை. ரெண்டு, அம்மா மூணு மாசமா மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டிருந்த வாந்தி மாத்திரை. அதுல இருந்தது டோம்பெரிடோன். இருதயத் துடிப்பைக் குழப்பக்கூடியதுன்னு 2014-லயே ஐரோப்பிய மருந்து முகமை அதுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கு. குறைஞ்ச அளவுல, பொதுவா ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல அதை மிட்டாய் மாதிரி வாங்கறோம். ஏற்கனவே படபடப்பு இருக்கற அம்மாவுக்கு டாக்டர் முதல்ல நிறுத்தினது அதைத்தான்.

ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலையான்னு கேட்டேன். 45 வயசுக்கு மேல அறிகுறியை வெச்சே சொல்லிடலாம், இந்தக் காலத்துல ஹார்மோன் அளவு ஒரு நாள் இருக்கற மாதிரி இன்னொரு நாள் இருக்காதுன்னாங்க. வீட்டுக்கு வந்து தேடினேன். பிரிட்டனோட நைஸ் அமைப்பு 2015-ல வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்லுது. இந்தியாவுல மாதவிலக்கு நிக்கற சராசரி வயசு 46 வாக்குல, அமெரிக்காவுல 51ன்னும் படிச்சேன். அம்மா வயசுக்கு இது "சீக்கிரமே" இல்லை, சரியான நேரம்தான்.

சரி, குமட்டல் எப்படி வருது? ஈஸ்ட்ரோஜன் படிப்படியா, ஒழுங்கா இறங்கும்னுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. சில மாசம் வழக்கத்தை விட மேல எகிறும், அப்புறம் தடால்னு விழும். சில மாசம் கருமுட்டை வெளியாகாததால புரோஜெஸ்டிரோன் குறைவா இருக்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது சில பேருக்கு ஒத்தைத் தலைவலி வரும், குமட்டல் அதோட கூடப்பிறப்பு. ராத்திரி கொதிப்பு தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டா வயிறும் கெடும். மூளையோட அடிப்பக்கத்துல ஏரியா போஸ்ட்ரீமான்னு ஒரு சின்ன இடம் இருக்கு. ரத்தத்துல எது வந்தாலும் மோப்பம் பிடிக்கற வாட்ச்மேன். மூளையோட மத்த இடங்களுக்கு இருக்கற தடுப்புச்சுவர் அதுக்கு இல்லை. ரத்தத்துல எது மாறினாலும் முதல்ல கத்தறது அவர்தான். ஆக, அம்மாவுக்குக் காரணம் ஒண்ணு இல்லை. தலைவலி, தூக்கம், வெறும் வயிறு, ரத்தசோகை, வேன் குலுக்கல்னு அஞ்சு பேர் கூட்டணி. ஹார்மோன் அந்தக் கூட்டணிக்குத் தலைமை.

மசக்கை மட்டும் ரொம்ப மரியாதையா நடத்தப்பட்டுச்சுன்னு நினைக்காதீங்க. கர்ப்பக் காலத்துக் கடுமையான வாந்தியை "மனசுதான் காரணம்"னு டாக்டர்களே சொன்ன காலம் உண்டு. 1999-ல அதனாலயே கருவை இழந்த மார்லீனா ஃபெய்சோங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர், விடாம இருபது வருஷத்துக்கு மேல தேடினார். கருவுல இருந்து வர்ற ஜி.டி.எஃப்.15ங்கற ஹார்மோன்தான் முக்கியக் காரணம்னு அவரும் கேம்பிரிட்ஜ் ஆட்களும் சேர்ந்து 2023 டிசம்பர்ல நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அந்த ஹார்மோனும் வேலை செய்யறது நம்ம வாட்ச்மேன் இருக்கற அதே வட்டாரத்துலதான். ஆக, "மனசுதான்"னு சொல்லி அனுப்பின ஒரு வியாதிக்கு உடம்புலயே விலாசம் கிடைச்சுது.

இப்ப என்ன பண்றோம்னு சொல்றேன்.

காபியை ஒத்திப் போட்டாச்சு. நாலு மணிக்கு எழுந்த உடனே ஒரு கைப்பிடி பொரி இல்லைன்னா ரெண்டு ரஸ்க். முன்னாடியெல்லாம் காபிக்கு அப்புறம் எட்டரை மணி கேன்டீன் இட்லி வரைக்கும் நாலரை மணி நேரம் வயிறு காலி. இப்ப வேன் ஏறும்போதே ஏதாவது உள்ள இருக்கும். மத்தியானச் சாப்பாட்டையும் ரெண்டா உடைச்சாச்சு.

சுக்கு. அப்பா ராத்திரியே சுக்கும் மல்லியும் தட்டி வெச்சுடறார். "பித்தம்"னு சொன்ன மனுஷனுக்கு இது பிராயச்சித்தம் :-) இஞ்சியில இருக்கற ஜிஞ்சரால் மாதிரியான பொருள்கள் குடல்ல செரோடோனின் அனுப்பற குமட்டல் சிக்னலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பாட்டிங்க சும்மா சொல்லலை. கூடவே உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு, வேன்ல வாயில அடக்கிக்க.

வேன்ல முன் சீட், ஜன்னலோரம். பின் சீட் சிநேகிதிங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இரும்புச்சத்து மாத்திரைதான் பெரிய பாடு. ரத்தசோகைக்குப் போட்ட மாத்திரையே குமட்டலை ஏத்திச்சு. ரெண்டு வாரத்துல அம்மா அதை ஜன்னல் வழியா வீசற நிலைமை. டாக்டர்கிட்ட சொன்னதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராத்திரியில போடச் சொன்னாங்க. 2017-ல சுவிட்சர்லாந்துல பண்ணின ஆராய்ச்சியில, இரும்புச்சத்து குறைஞ்ச பெண்களுக்குத் தினமும் குடுக்கறதை விட ஒருநாள் விட்டுக் குடுத்தா ஒவ்வொரு மாத்திரையில இருந்தும் உடம்பு எடுத்துக்கற அளவு கூடுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. குமட்டலும் குறைஞ்சது, ஹீமோகுளோபின் இப்ப 10.6. டீ, காபியோட மட்டும் சேர்த்துப் போடாதீங்க, இரும்பு உள்ள போகாது.

ஹார்மோன் சிகிச்சை பத்தியும் பேசினோம். 2002-ல அமெரிக்காவுல டபிள்யூ.எச்.ஐ. ஆய்வுல ஒரு பகுதியைப் பாதியில நிறுத்தினப்போ உலகம் முழுக்க டாக்டர்களே பயந்துட்டாங்க. அதுல இருந்த பெண்களோட சராசரி வயசு 63. அறுபதுக்குக் கீழ, மாதவிலக்கு நின்ன பத்து வருஷத்துக்குள்ள இருக்கற பல பேருக்குக் கணக்கு வேறன்னு அப்புறம்தான் தெளிவாச்சு. 2025 நவம்பர்ல அந்த மருந்துகள் மேல இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளை எடுக்கப் போறதா அமெரிக்க எஃப்.டி.ஏ.வே அறிவிச்சுது. ஆனா எல்லாருக்கும் ஒத்து வராது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவங்களுக்குப் பொதுவாக் குடுக்க மாட்டாங்க. மாத்திரையா சாப்பிட்டா ஆரம்பத்துல அதுவே குமட்டும். "இப்ப தாங்க முடியுது, முடியலைன்னா பாத்துக்கலாம்"னு அம்மா முடிவு பண்ணியிருக்காங்க. உடம்பு அவங்களோடது, முடிவும் அவங்களோடது.

வேலை? விடலை. இ.எஸ்.ஐ.ல உடம்பு சரியில்லைன்னு லீவு எடுத்தா, தகுதி இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் குடுப்பாங்க. பதினாலு வருஷம் பணம் கட்டியும் அம்மா அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. மூணு வாரம் எடுத்தாங்க. திரும்பப் போனதும், நின்னுகிட்டே செய்யற வேலைக்கு ஒரு ஸ்டூல் கேட்டாங்க. 2021-ல தமிழ்நாட்டுல கடைகள்ல வேலை செய்யறவங்களுக்கு உட்கார உரிமைன்னு சட்டத்திருத்தம் வந்தது ஞாபகம் இருக்கும். ஃபேக்டரிக்கு உட்கார வசதி பண்ணணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே 44ஆம் பிரிவு இருந்துச்சு. எல்லாம் தாள்ல. ஸ்டூலுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஒண்ணு கேட்டாங்க, ஆறு வந்துச்சு. ஏன்னா அம்மா கேட்டதைப் பார்த்து இன்னும் அஞ்சு பேர் கேட்டாங்க. அந்த அஞ்சு பேரும் நாப்பது தாண்டினவங்க.

குமட்டல் போயே போச்சான்னா, இல்லை. முன்னாடி வாரத்துக்கு நாலு நாள், இப்ப மாசத்துக்கு நாலு நாள். அந்த நாலு நாள் எதுன்னு நோட்டைப் பார்த்து முன்கூட்டியே ஓரளவு தெரியுது. தெரிஞ்சு வர்ற குமட்டல் பாதிக் குமட்டல்னு அம்மா சொல்றாங்க. நோட்டு இப்ப வேன்ல சுத்துது. சிநேகிதிங்க ரெண்டு பேர் அதே மாதிரி ஆறு கட்டம் போட்டுக்கிட்டு எழுத ஆரம்பிச்சிருக்காங்க. அதுல ஒருத்தங்க ஒன்றரை வருஷமா போக்கு அதிகம்னு வீட்ல சொல்லாம இருந்தவங்க. அடுத்த வாரம் அம்மாவே கூட்டிக்கிட்டுப் போறாங்க, அதே டாக்டரம்மாகிட்ட.

டிஸ்கி: நான் கோடு அடிக்கிறவன், டாக்டர் இல்லை. அம்மாவுக்கு ஒத்து வந்தது உங்க அம்மாவுக்கும் வரணும்னு இல்லை. ஆனா நாப்பது பக்க நோட்டு எல்லாருக்கும் ஒத்து வரும். கட்டம் மட்டும் ஆறு போடுங்க.